வான்வழித் தொலைவும் பயண நேரமும்

விமானம் விரைவுற்றால் பயண நேரமும் அந்த அளவுக்குக் குறையும் என்பது பலர் எண்ணம். சிங்கப்பூர்–கோலாலம்பூர் வான்வழியின் வரலாறு வேறு கூறுகின்றது.

1947 மே 1ஆம் நாள் மலாயன் ஏர்வேஸ் நிறுவனம், காலாங் நிலையத்திலிருந்து கோலாலம்பூருக்கு முறையான பயணிகள் சேவையைத் தொடங்கிற்று. ஐவர் அமரக்கூடிய அச்சிறு விமானம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் பறக்க வல்லது. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒன்றேகால் மணி நேரம் என்பது கணக்கு. இன்றைய ஜெட் விமானம் சுமார் முக்கால் மணியில் அதனைக் கடக்கின்றது.

ஆயின், விரையும் பெருவிமானத்துக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். நெருங்கிய நகரில் அதற்கு இடமேது? ஆகவே சிங்கப்பூரின் நிலையம் 1955இல் பாய லேபாருக்கும், 1981இல் சாங்கிக்கும் பெயர்ந்தது. கோலாலம்பூரின் முதன்மை நிலையம் 1965இல் சுங்கைபீசியிலிருந்து சுபாங்குக்கும், 1998இல் சிப்பாங்குக்கும் சென்றது. சிப்பாங் நிலையம் நகரிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. விரைவு இரயிலுக்கும் அரைமணி நேரம் ஆகின்றது.

வானில் மிச்சமான அரைமணி இவ்வாறு தரையில் செலவாகின்றது. மாணாக்கர்க்குத் தொலைவும் நேரமும் கற்பிப்போர், ஓடுபாதைகளுக்கு இடைப்பட்டதை மட்டும் அளந்தால் போதாது. வீட்டு வாயிலிலிருந்து கணக்கைத் தொடங்குதல் வேண்டும்.