ஜிப்சியும் ஐஏபியும்: எதிரெதிரே வந்த இருவர்

ரெட்ரோவைரஸ் வெளியிலிருந்து உயிரணுவுக்குள் நுழைவது. தாவும் மரபணு உள்ளேயே இருந்துகொண்டு தன் நகலை ஜீனோமின் வேறோர் இடத்தில் செருகுவது. பாடப்புத்தகம் இப்படித்தான் பிரிக்கிறது. பழ ஈயின் ஜீனோமில் உள்ள ஜிப்சியையும் சுண்டெலியின் ஜீனோமில் உள்ள ஐஏபியையும் அருகருகே வைத்தால் இந்தப் பிரிவினை நிலைக்காது.

இரண்டுக்கும் கருவிகள் ஒன்றே: கூடு கட்டும் காக் புரதம், ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், அதைக் குரோமோசோமில் சேர்க்கும் இன்டக்ரேஸ். எச்ஐவியிடமும் இவை உண்டு. கூடவே அடுத்த உயிரணுவைப் பற்றி உள்ளே புக அதற்கு ஓர் உறைப் புரதமும் இருக்கிறது.

ஜிப்சியின் முன்னோர் உறையில்லாத தாவும் மரபணுக்கள். பூச்சிகளைத் தாக்கும் பேக்குலோவைரஸ் ஒன்றிடமிருந்து அதற்கு உறை மரபணு வந்தது என்பதே வலுவான விளக்கம். (காய்ப்புழுவுக்கு நம் விவசாயிகள் தெளிக்கும் என்பிவி இந்தக் குடும்பம்தான்.) அந்த உறை வேலை செய்கிறதா? 1994-இல் வெளியான ஆய்வில், ஜிப்சி துடிப்பாக இருந்த ஈக்களின் கூட்டுப்புழுக்களை அரைத்து, அத்தகைய ஜிப்சி இல்லாத ஈக்களின் புழுக்களுக்குத் தீனியில் கலந்து கொடுத்தார்கள். ஜிப்சி அந்த வம்சத்துக்குள் புகுந்துவிட்டது. சாப்பாட்டின் வழியே தொற்றிய ஒன்றை வைரஸ் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஐஏபி வந்த வழி இதற்கு நேர்எதிர்: உறையுள்ள ரெட்ரோவைரஸாக இருந்து உறையை இழந்தது அது. சுண்டெலியின் ஜீனோமில் உறையோடு கூடிய அதன் உறவினர் இன்றும் உண்டு. அவற்றில் ஒன்று தொற்றும் திறனோடு இருப்பதைத் ஆய்வாளர் தியெரி ஹைட்மானின் குழு 2008-இல் காட்டியது. உறையை இழந்ததோடு மாற்றம் நிற்கவில்லை. வைரஸ் துகளை உயிரணுவின் வெளிச்சவ்வுக்கு அனுப்பிவந்த காக் புரதத்தின் முன்முனையும் மாறியது. துகள்கள் இப்போது எண்டோபிளாச வலைக்குள் மொட்டுவிட்டு அங்கேயே அடைந்துகிடக்கின்றன. வெளியேற வழியில்லாத ஐஏபி உள்ளேயே ஏறத்தாழ 1,000 நகல்களாகப் பெருகியது. அதில் ஒன்று அகூட்டி மரபணுவுக்கு முன்னால் செருகிக்கொண்டதால்தான் ஆய்வகங்களில் மஞ்சள் ரோமமும் பருத்த உடலுமாக ஒரு சுண்டெலி வம்சம் இருக்கிறது.

இரு பயணங்களும் ஒரே அளவு கடினமானவை அல்ல. உறையைப் பெற இன்னொரு வைரஸின் மரபணு சரியான இடத்தில் வந்து சேர வேண்டும். இழக்கச் சில பிறழ்வுகள் போதும். பாலூட்டிகளின் ஜீனோம்களில் உறையிழந்த வம்சங்களே மிகுதியாகப் பெருகியிருப்பதில் எனக்கு வியப்பில்லை. ரெட்ரோவைரஸ்கள் உயிரணுவின் நகரும் மரபுக்கூறுகளிலிருந்தே தோன்றின என்று வைரஸ் ஆய்வாளர் ஹோவர்ட் டெமின் முன்வைத்த கருத்து ஜிப்சிக்குப் பொருந்துகிறது. ஐஏபிக்கு அதைத் திருப்பிப் படிக்க வேண்டும்.

வைரஸ்களை வகைப்படுத்தும் சர்வதேசக் குழு, உறையுள்ள ஜிப்சியையும் ஈஸ்ட்டின் உறையே இல்லாத தாவும் மரபணுவான டிஒய்3-ஐயும் மெட்டாவிரிடே என்ற ஒரே குடும்பத்தில் வைத்திருக்கிறது. உறையைப் பார்க்காமல் வம்சாவளியைப் பார்த்த அந்த முடிவு சரியானது.