இடம்பெயர்ந்த தலைநகரும் இடம்பெயராத மலைகளும்

நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டின் அந்திகுவா நகருக்கு, முதுகில் பையைச் சுமந்துவரும் இளைஞர் கூட்டம் ஓய்வதில்லை. 'அந்திகுவா' என்னும் ஸ்பானியச் சொல்லுக்குப் 'பழையது' என்பது பொருள். தலைநகராக விளங்கிய காலத்தில் இந்நகர்க்கு அப்பெயர் இல்லை; சாந்தியாகோ என்றே வழங்கிற்று. கைவிடப்பட்ட பின்னர் வாய்த்த பெயரே இன்று நிலைத்துவிட்டது.

ஸ்பானியத் தளபதி பெத்ரோ தெ அல்வராதோ 1524இல் முதல் சாந்தியாகோவைக் கக்சிக்கேல் மக்களின் தலைநகரான இஷிம்செயின் அருகே நிறுவினார். தொடக்கத்தில் துணைநின்ற அம்மக்கள், பொன் கேட்டு நெருக்கப்பட்டதால் கிளர்ந்தெழுந்தனர். ஆகவே 1527இல் தலைநகர் ஒரு மலையடிவாரத்திற்குப் பெயர்ந்தது. 1541 செப்டம்பரில், நாள்கணக்காகப் பெய்த மழைக்குப்பின், அம்மலையிலிருந்து சேற்றுவெள்ளம் பாய்ந்து நகரை மூடிற்று. அல்வராதோவின் மனைவி பெயாத்ரிஸ், ஆளுநர் பொறுப்பேற்ற சில நாள்களிலேயே அதில் மாண்டார். அவர்தம் பெயரை வரலாறு காத்துவைத்துள்ளது. உடன் மாண்ட பூர்வகுடி அடிமைகளின் பெயர்களை எழுதிவைத்தாரில்லை. அன்றுமுதல் அம்மலைக்கு 'அகுவா', அதாவது நீர், என்று பெயராயிற்று.

1543இல் பாஞ்சோய்ப் பள்ளத்தாக்கில் எழுந்த நகரே இன்று நாம் காணும் அந்திகுவா. இங்கே 1660இல் அச்சுக்கூடமும் 1676இல் பல்கலைக்கழகமும் தோன்றின. அடிக்கடி நிலம் நடுங்கியமையால் கட்டடங்களைத் தாழ்வாகவும் தடித்த சுவர்களோடும் எழுப்பினர். அவ்வாறு 1767இல் முடிவுற்ற லா மெர்செத் தேவாலயம், 1773 ஜூலை 29ஆம் நாள் நகரைச் சிதைத்த நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றது.

அதன்பின் தலைநகரை மாற்ற ஆளுநர் மயோர்கா முனைந்தார். பேராயர் கொர்த்தேஸ் இ லாராஸ் எதிர்த்தார். ஆளுநரே வென்றார். 1776இல் புதிய தலைநகர் உருவாயிற்று. அதனைக் கட்டும் உழைப்புக்காக ஹொகொத்தெனாங்கோ போன்ற ஊர்களின் பூர்வகுடிகளும் பெயர்க்கப்பட்டனர். எதிர்ப்போரில் பேராயரை நினைக்கும் நூல்கள் இவர்களைப் போகிறபோக்கில் தொட்டுச் செல்வது பொருந்துவதன்று.

இந்நகரில் 1731இல் பிறந்த கவிஞர் ரஃபாயேல் லாந்தீவர், 1767இல் இயேசு சபையினரோடு நாடுகடத்தப்பட்டார். பிறந்த மண்ணின் மலைகளையும் நிலநடுக்கத்தையும் இத்தாலியிலிருந்தே இலத்தீனில் பாடினார். 1793இல் பொலோஞாவில் மறைந்தார். அவர் எலும்புகள் 1950இல் ஊர் திரும்பின.

பயணியரைப் பெரிதும் ஈர்ப்பது அருகிலுள்ள அக்கதெனாங்கோ மலை. உயரம் ஏறத்தாழ 3,976 மீட்டர். சோளக்கொல்லைகளைக் கடந்து, மேகக்காட்டினூடே ஐந்தாறு மணிநேரம் ஏறவேண்டும். காலடியில் எரிமலைச் சாம்பல் சரியும். கூடாரத்தில் தங்குவோர், எதிரேயுள்ள ஃபுவேகோ எரிமலை குமுறும் காலங்களில், அதன் செந்தழல் இருளைக் கிழிப்பதைக் காண்பர். பலருடைய பைகளைக் கூலிக்குச் சுமப்போர் அடிவாரச் சிற்றூர் மக்கள்.

2018 ஜூன் 3ஆம் நாள் அந்த ஃபுவேகோவின் மறுபக்கச் சரிவில் கொதிக்கும் சாம்பற்புயல் இறங்கிச் சான் மிகேல் லோஸ் லோத்தெஸ் என்னும் சிற்றூரைப் புதைத்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; இருநூற்றுக்கு மேற்பட்டோர் காணாமற்போயினர். அருகிலிருந்த உல்லாச விடுதி தன் விருந்தினரை அன்று முன்னதாகவே வெளியேற்றிவிட்டிருந்தது. சிற்றூருக்கு எச்சரிக்கை காலத்தே எட்டவில்லை.