சிறுவர் கையில் சரித்திரம்: தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் பத்துத் தொகுதிகள்

சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். உலக அறிவு முழுவதையும் தமிழில் தரும் ஒரு கலைக்களஞ்சியம் வேண்டும் என்பது அவருடைய பெருங்கனவு. அந்தப் பணிக்குத் தலைமைப் பதிப்பாசிரியராகப் பெரியசாமித் தூரனை அழைத்துவந்தார். தூரன், கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் அவினாசிலிங்கம் நிறுவிய ராமகிருஷ்ண வித்தியாலயத்தில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர்.

பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. இணைப்புத் தொகுதியான பத்தாவது 1968இல். வேறு யாராக இருந்தாலும் அத்துடன் ஓய்ந்திருப்பார்கள். அதே 1968இல் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியைக் கழகம் கொண்டுவந்துவிட்டது. தூரனுக்குப் பத்மபூஷண் விருது கிடைத்ததும் அந்த ஆண்டில்தான். சிறுவர்க்கான பத்தாம் தொகுதி 1976இல் வந்தது.

இந்தச் சிறுவர் தொகுதிகளை ஒரு வரலாற்று நூல்வரிசையாகவும் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு. அதற்கு முன் தமிழில் பெயர் தேடிப் படிக்க யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் ‘அபிதான கோச’மும் (1902), சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’யும் (1910) இருந்தன. இரண்டும் மாபெரும் உழைப்பு. ஆனால் அவை புலவர்க்கும் ஆசிரியர்க்கும் உரியவை. புராண மன்னனும் கல்வெட்டில் வாழும் மன்னனும் அங்கே ஒரே வரிசையில் நிற்பார்கள்; பெரியவர்கள் பிரித்தறிந்துகொள்வார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு, எது கதை, எது நடந்தது என்று பிரித்துச் சொல்லத்தான் வேண்டும். அதையும் சுருங்கச் சொல்ல வேண்டும், படத்தோடு சொல்ல வேண்டும், தவறின்றிச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு எழுதுவதைவிட இது கடினம்.

இதற்குத் தூரன் பொருத்தமானவர். வகுப்பறையில் பிள்ளைகளின் கேள்விகளைக் கேட்டுப் பழகியவர். பழைய ‘சுதேசமித்திரன்’ இதழ்களில் பாரதியாரின் எழுத்துகளைத் தேடி எடுத்து, காலவரிசைப்படுத்தி, 1953இல் ‘பாரதி தமிழ்’ என்ற நூலாகத் தந்தவர். எது முன்னே, எது பின்னே என்று பார்க்கும் அந்தக் கண் வரலாறு எழுதுவோருக்கு இன்றியமையாதது.

தொகுதிகள் வெளிவந்த எட்டு ஆண்டுகளும் அமைதியான காலமல்ல. முதல் தொகுதி வந்தபோது இது மதராஸ் மாநிலம். 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. அதே ஆண்டு ஜூலையில் மனிதன் நிலவில் கால்வைத்தான். 1971இல் வங்கதேசம் பிறந்தது. 1973இல் மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆயிற்று. 1975இல் சிக்கிம் இந்தியாவில் இணைந்தது. அகர வரிசையில் வெளியாகும் நூலுக்கு இது பெருஞ்சோதனை. அச்சேறிவிட்ட எழுத்துக்குரிய செய்தி மாறினால் திரும்பிப் போய்த் திருத்த வழியில்லை.

அகர வரிசையால் வரலாற்றுக்கு வேறொரு குறையும் உண்டு. சோழர் ஒரு தொகுதியில் இருப்பார்கள், பல்லவரும் பாண்டியரும் வேறொன்றில். அசோகரைப் படிக்கும் பிள்ளை புத்தரைத் தேட அலமாரியின் மறுகோடிக்குப் போக வேண்டும். தொடர்ச்சியாகக் காலத்தை நடத்திச் செல்லும் ஒரு சரித்திர நூலின் இடத்தைக் களஞ்சியம் நிரப்பாது. ஆனால் தானே தேடி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சரிபார்க்கும் பழக்கத்தைப் பாடநூல் தராது, களஞ்சியம் தரும். எனக்கு இந்த இரண்டாவது பெரிதாகப் படுகிறது.

1976க்குப் பிறகு தமிழர் வரலாற்றில் கண்டறியப்பட்டவை ஏராளம். ஐராவதம் மகாதேவனின் தமிழ்-பிராமிக் கல்வெட்டு ஆய்வுப் பெருநூல் 2003இல் வந்தது. தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் 2006இல் கிடைத்தன. கீழடியில் அகழாய்வு 2014இல் தொடங்கியது. கரிமப் பகுப்பாய்வு அங்குள்ள ஓர் அடுக்கின் காலத்தை கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுசென்றதைத் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. 2023இல் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. இவற்றில் எதுவும் அந்தப் பத்துத் தொகுதிகளில் இருக்க வழியில்லை.

அத்தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இன்று எவரும் படிக்கலாம். இதைப் படிக்கும் நூலகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்களிடம் அச்சுத் தொகுதிகள் இருந்தால் பழைய புத்தகம் என்று கழித்துவிடாதீர்கள், பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள். பதிப்பாளர்களுக்கும் தொல்லியலாளர்களுக்கும் இன்னொன்று: பெரியவர்களின் களஞ்சியத்துக்கு ஓர் இணைப்புத் தொகுதி வந்ததுபோல, சிறுவர்களுக்கும் ஒன்று வேண்டும். அகழாய்வுக் குழியில் நின்றவர்களே எழுதி, நல்ல ஓவியர்கள் வரைந்து, பிள்ளைகள் வாங்கும் விலையில் அதைக் கொண்டுவாருங்கள்.