எங்கே போகிறாய்? – சபோடெக் மொழியும் அதை மொழிபெயர்த்தவர்களும்

சப்போட்டாப் பழத்தைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். மெக்சிகோவில் அஸ்டெக்குகள் பேசிய நாவாட்ல் மொழியில், இனிப்பான சதைப்பற்றுள்ள பழங்களுக்கு 'ட்சபோட்ல்' என்று பெயர். ஸ்பானியர்கள் வாயில் அது 'சபோத்தே' ஆனது. கடல் கடந்து வந்து சப்போட்டா ஆனது.

இதே சொல்லிலிருந்துதான் ஒரு மக்களினத்தின் பெயரும் பிறந்தது. தெற்கு மெக்சிகோவின் வஹாக்கா பகுதியில் வாழ்ந்தவர்களை, 'சப்போட்டா விளையும் ஊர்க்காரர்கள்' என்ற பொருளில் அஸ்டெக்குகள் அழைத்தார்கள். ஸ்பானியர்கள் அதையே எழுதி வைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் அவர்கள் சபோடெக் மக்கள்.

அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் வேறு. தெஹுவாந்தெபெக் பூசந்திப் பகுதியில் அவர்கள் 'பின்னிசா'. மொழி 'தீஜசா'. மேகத்தின் மக்கள், மேகத்தின் சொல் என்று இவற்றுக்குப் பொருள் சொல்வார்கள். ஆக, மற்றவர்கள் தங்கள் வசதிக்கு மொழிபெயர்ப்பது என்பது இவர்களுடைய பெயரிலேயே ஆரம்பித்துவிட்டது!

இத்தனைக்கும் இவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்ல. கி.மு. 500 வாக்கில் மோண்டே அல்பான் என்ற மலையுச்சி நகரத்தை எழுப்பியவர்கள். அமெரிக்கக் கண்டத்தின் மிகப் பழைய எழுத்து முறைகளில் ஒன்று இவர்களுடையது.

பாதிரியார்களின் அகராதி

ஸ்பானியர்கள் வந்த பிறகு, முதலில் இந்த மொழியைக் கற்றவர்கள் டொமினிக்கன் சபைத் துறவிகள். 1567-ல் பெத்ரோ தெ ஃபெரியா என்பவர் ஸ்பானியம், சபோடெக் இரண்டிலும் ஒரு ஞானோபதேச நூலை வெளியிட்டார். 1578-ல் ஹுவான் தெ கோர்தோவா என்ற துறவி ஓர் இலக்கண நூலையும் ஒரு பெரிய சொற்களஞ்சியத்தையும் அச்சிட்டார். இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் நூல்கள் இவை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோர்தோவாவின் அகராதி ஸ்பானியத்திலிருந்து சபோடெக்குக்குப் போகிறது. பாதிரியார் ஒரு ஸ்பானியச் சொல்லை எடுத்து, அதைச் சபோடெக்கில் எப்படிச் சொல்வது என்று தேடலாம். ஒரு சபோடெக் விவசாயி தன் சொல்லை ஸ்பானியர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று அதில் தேட முடியாது. பாலத்தில் ஒரு பக்கம்தான் படிக்கட்டு கட்டியிருந்தார்கள்.

இருந்தாலும் மக்கள் அந்த எழுத்தைத் தங்களுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். பதினாறாம் நூற்றாண்டு முதல் பல தலைமுறைகளாக, லத்தீன் எழுத்தில் சபோடெக் மொழியிலேயே உயில்களும் நிலப் பத்திரங்களும் எழுதினார்கள். தகராறு வந்தபோது அவை நீதிமன்றத்தில் ஸ்பானியத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டன. யாருக்கு எந்த வயல் என்பது மொழிபெயர்ப்பாளரின் பேனாவைப் பொறுத்து இருந்தது.

ஸ்பானியமும் இவர்களுடைய பேச்சுக்குள் நுழைந்தது. பூசந்திப் பகுதியில் ஒருவரைப் பார்த்தால் 'பாதியுஷி' என்று வணக்கம் சொல்வார்கள். அதற்குள் இருக்கும் 'தியுஷி', கடவுளைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான 'தியோஸ்' என்பதன் சபோடெக் வடிவம்.

சின்னச் சொல், பெரிய சிக்கல்

தத்துவச் சொற்களை மொழிபெயர்ப்பதுதான் கடினம் என்று தோன்றும். உண்மையில் அன்றாட வாக்கியம்தான் ஆளைக் கவிழ்க்கும். பூசந்தி சபோடெக்கிலிருந்து சில எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம்.

'வீட்டுக்குள்' என்று சொல்ல வேண்டுமானால் 'ந்தானி யோ' என்பார்கள். ந்தானி என்றால் வயிறு, யோ என்றால் வீடு. வீட்டின் வயிறுதான் உள்ளே. அதேபோல் பின்பக்கம் என்பதற்கு முதுகு, உச்சி என்பதற்குத் தலை. அப்படியே சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் போட்டால் கேட்பவர் சிரிப்பார். 'உள்ளே' என்று மட்டும் போட்டால் பொருள் வந்துவிடும், வயிறு போய்விடும்.

'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு இந்த மொழியிலும் உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் 'லானு', சேர்க்காவிட்டால் 'லாது'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

படர்க்கையில் கதை தலைகீழ். மனிதர் என்றால் 'பே', விலங்கு என்றால் 'மே', பொருள் என்றால் 'நி'. மனிதரில் ஆண், பெண் பிரிவு கிடையாது. "பே வந்தார்" என்று ஒருவர் சொன்னால், அவனா அவளா என்று மொழிபெயர்ப்பாளர் திரும்பக் கேட்க வேண்டும், அல்லது ஊகிக்க வேண்டும். ஆங்கிலம் அதைச் சொல்லாமல் விடாது.

உச்சரிப்பும் லேசானதல்ல. 'கியே' என்பதைத் தொண்டையில் வெட்டி நிறுத்தினால் பூ. நிறுத்தாமல் சொன்னால் கல். பூவும் கல்லும் இடம் மாற ஒரு நொடி போதும்!

இன்னொரு சொல் 'கெலகெட்சா'. ஆண்டுதோறும் ஜூலையில் வஹாக்கா நகரில் இந்தப் பெயரில் பெரிய நடன விழா நடக்கும். சுற்றுலாக் கையேடுகள் இதை 'காணிக்கை', 'அன்பளிப்பு' என்று மொழிபெயர்க்கின்றன. ஆனால் தெயோதித்லான் போன்ற ஊர்களில் இது ஒரு கணக்கு. ஒரு வீட்டுத் திருமணத்துக்கு இத்தனை வான்கோழி, இத்தனை சோள ரொட்டி என்று கொடுப்பார்கள். அது நோட்டில் எழுதப்படும். கொடுத்த வீட்டில் விசேஷம் வரும்போது அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். அன்பளிப்பு என்று மொழிபெயர்த்தால், அதில் இருக்கும் கடன் மறைந்துவிடும். அந்தக் கடன்தான் ஊரைக் கட்டி வைத்திருப்பது.

லாஸ் ஏஞ்சலஸ் வரை

வஹாக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வேலை தேடிப் போவது, 1942 முதல் 1964 வரை நடந்த பிரசேரோ ஒப்பந்தத் தொழிலாளர் திட்டக் காலத்திலேயே தொடங்கியது. 1970-களுக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸில் சபோடெக் குடும்பங்கள் பெருகின. வந்தவர்களில் சிலருக்கு ஸ்பானியமே சரியாகத் தெரியாது. ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஃபெலிப்பே லோப்பஸ். சான் லூகாஸ் கியாவினி என்ற ஊரிலிருந்து 16 வயதில் லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். பின்னாளில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் பமேலா மன்ரோவுடனும் மற்றவர்களுடனும் சேர்ந்து தன் ஊர்ப் பேச்சுக்கு ஓர் அகராதி தயாரித்தார். 1999-ல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்த அகராதி, சபோடெக் சொல்லுக்கு ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் பொருள் சொல்கிறது. கோர்தோவாவுக்கு 421 ஆண்டுகள் கழித்து, அந்த ஊரில் பிறந்தவரே மறுபக்கப் படிக்கட்டைக் கட்டினார் என்று சொல்லலாம்.

பிறகு 2000-களின் பிற்பகுதியில், மன்ரோ, லோப்பஸ், ப்ரூக் லில்லிஹாகென் மூவரும் ஒரு பாடநூல் எழுதினார்கள். அதன் பெயர் 'கலி சியூ?'. அதாவது 'எங்கே போகிறாய்?'. வழியில் ஒருவரைக் கண்டால் கேட்கும் அன்றாடக் கேள்வி. இதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டால் துருவிக் கேட்பது போல இருக்கும். ஊரில் அது வெறும் அக்கறை.

நீதிமன்றத்தில் ஒரு வாக்கியம்

இதெல்லாம் மொழி ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக் கூடாது. 1986-ல் ஓரகன் மாநிலத்தில், மிஷ்டெக் மொழி பேசும் ஒரு தொழிலாளிக்குக் கொலை வழக்கில் தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணையில் இருந்தது ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் மட்டுமே. 1991-ல்தான் அவர் விடுதலை ஆனார். 2008-ல் மிசிசிப்பி மாநிலத்தில், சபோடெக்கின் நெருங்கிய உறவுமொழியான சாத்தினோ பேசும் ஒரு தாய் குழந்தை பெற்றார். அவரிடம் ஸ்பானியத்தில் விசாரித்து, குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவர் என்று முடிவு கட்டிப் பிரித்துவிட்டார்கள். குழந்தை திரும்பக் கைக்கு வர ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆனது. மெக்சிகோக்காரர் என்றால் ஸ்பானியம் தெரிந்திருக்கும் என்ற நினைப்புதான் இரண்டு வழக்குகளிலும் பிழை.

இன்றும் பெரும்பாலும் இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். ஒருவர் சபோடெக்கிலிருந்து ஸ்பானியத்துக்கு, இன்னொருவர் அங்கிருந்து ஆங்கிலத்துக்கு. கைமாறும் ஒவ்வொரு முறையும் ஏதாவது சிந்தும். மூன்று மொழியும் தெரிந்து நேரடியாக மொழிபெயர்ப்பவர்கள் குறைவு. ஒடிலியா ரொமேரோ அவர்களில் ஒருவர். சபோடெக் பெண்ணான இவர், 2016-ல் 'சியெலோ' என்ற அமைப்பை லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியவர்களுள் ஒருவர். பழங்குடி மொழிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிப்பது அதன் பணிகளில் முக்கியமானது.

மொழிபெயர்ப்பாளர் கிடைத்தாலும் போதாது. மெக்சிகோ அரசின் தேசியப் பழங்குடி மொழிகள் நிறுவனம் 2008-ல் வெளியிட்ட பட்டியலில் சபோடெக்குக்கு மட்டும் 62 வகைகள் இருக்கின்றன. மலைப்பகுதிக்காரர் பேசுவது பூசந்திக்காரருக்குப் புரியாது. எனவே 'சபோடெக் தெரிந்தவர் தேவை' என்பதைவிட, 'எந்த ஊர்?' என்று கேட்பதே சரியான முதல் கேள்வி.

மெக்சிகோவின் புகழ்பெற்ற குடியரசுத் தலைவர் பெனிட்டோ ஹுவாரெஸ் 1806-ல் கெலத்தாவ் என்ற சபோடெக் கிராமத்தில் பிறந்தவர். 12 வயதில் வஹாக்கா நகருக்கு நடந்தே போனபோது அவருக்கு ஸ்பானியம் தெரியாது. முன்னேற வேண்டுமானால் மொழி மாறியாக வேண்டும் என்பதே அன்றைய விதி. பிற்காலத்தில் பள்ளிக்கூடங்களில் தாய்மொழி பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டதும் அதே விதியால்தான். ஆனாலும் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மெக்சிகோவில் சுமார் 4,90,000 பேர் சபோடெக் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நானூறு ஆண்டுகளுக்கு மேலாக, இவர்களிடம் மற்றவர்கள் சொல்ல விரும்பியதுதான் மொழிபெயர்க்கப்பட்டது. இவர்கள் சொல்ல விரும்புவதை மொழிபெயர்க்கும் வேலை இப்போதுதான் ஆரம்பமாகியிருக்கிறது. அதற்குப் பெரிய காவியங்கள் வேண்டியதில்லை. மருத்துவமனையில் 'வலிக்கிறது' என்பதும், நீதிமன்றத்தில் 'நாங்கள் அங்கே இல்லை' என்பதும், தெருவில் 'எங்கே போகிறாய்?' என்பதும் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தாலே பாதி வேலை முடிந்தது.