ஆயிரத்து ஐந்நூறு சி.சி.: எண்ணூர் ஆஸ்டின் முதல் கிரெட்டா வரை

ஒரு காரின் வரலாற்றை அதன் விளம்பரத்திலிருந்தும் எழுதலாம், அரசு விதித்த வரியிலிருந்தும் எழுதலாம். ஹூண்டாய் கிரெட்டா என்னும் நடுத்தர எஸ்.யூ.வி.யை இரண்டாம் வழியில் அணுகுகிறது இக்கட்டுரை. தொடக்கப் புள்ளி சென்னைக்கு வடக்கேயுள்ள எண்ணூர்.

முன்வரலாறு

1948இல் ரகுநந்தன் சரண் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த ஆஸ்டின் ஏ40 கார்களை எண்ணூரில் பூட்டி விற்றது. பின்னர் லேலண்டுடன் இணைந்து லாரி, பஸ் பக்கம் திரும்பி, 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. வெறுமனே பூட்டி விற்பதை அரசு ஊக்குவிக்காத காலம் அது. அருகிலுள்ள திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிள் தங்கியது, எண்ணூரில் கார் தங்கவில்லை.

1996இல் பதிவான ஹூண்டாயின் இந்திய நிறுவனம், சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்து 1998இல் சான்ட்ரோவை வெளியிட்டது. மறு ஆண்டே ஏற்றுமதியும் தொடங்கியது. முன்பு பாகங்களாகக் கடல்வழி வந்த கார், இப்போது முழு வண்டியாகச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியது. நிலக்கரிக்காகக் கட்டப்பட்டு 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர் துறைமுகமும் 2010 முதல் கார்களை அனுப்புகிறது.

வரிக்கோடு

நடுத்தர எஸ்.யூ.வி. சந்தையை இந்தியாவில் விரித்தது, ஒரகடத்தில் தயாராகி 2012இல் வந்த ரெனோ டஸ்டர். அதன் டீசல் எஞ்சின் 1,461 சி.சி. இந்த எண்ணின் முக்கியத்துவம் மறு ஆண்டு தெரிந்தது. 2013 மத்திய பட்ஜெட், எஸ்.யூ.வி.க்கான உற்பத்தி வரியை 27இலிருந்து 30 விழுக்காடாக்கியது. 4,000 மி.மீ.க்கு மேல் நீளம், 1,500 சி.சி.க்கு மேல் எஞ்சின், குறைந்தது 170 மி.மீ. தரை இடைவெளி ஆகிய மூன்றும் ஒருசேர இருந்தால்தான் ஒரு வண்டி சட்டத்தின் பார்வையில் எஸ்.யூ.வி. ஆகவே, உருவத்தில் எஸ்.யூ.வி.யான டஸ்டர் டீசல், வரிப்பட்டியலில் எஸ்.யூ.வி. அல்ல!

2015 ஜூலையில் 4,270 மி.மீ. நீளத்தில் வந்த முதல் கிரெட்டா இந்த 1,500 சி.சி. கோட்டின் இருபுறமும் நின்றது. அதன் 1.4 லிட்டர் டீசல் கோட்டுக்குள்; 1.6 லிட்டர் பெட்ரோலும் டீசலும் வெளியே. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் அதே மூன்று நிபந்தனைகள் நீடித்தன. அவ்வாண்டு செப்டம்பரில் செஸ் என்னும் கூடுதல் வரி உயர்ந்த பிறகு, மூன்றும் பொருந்தும் வண்டிக்கு மொத்த வரி 50 விழுக்காடு, 1,500 சி.சி.க்குள் அடங்கும் நடுத்தர வண்டிக்கு 45.

2020 மார்ச்சில் வந்த இரண்டாம் தலைமுறையில் நீளம் 4,300 மி.மீ. ஆகக் கூடியது, எஞ்சின்களோ சுருங்கின. 1,497 சி.சி. பெட்ரோல், 1,493 சி.சி. டீசல், 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் என எல்லாமே கோட்டுக்குள் வந்தன. இதற்கு வரி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவ்வாண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 மாசு விதிகள் பழைய எஞ்சின்களை எப்படியும் மாற்றவைத்திருக்கும். ஆனால் புதியவற்றின் அளவு 1,500ஐத் தொட்டும் தொடாமலும் நிற்பதைத் தற்செயல் எனக் கொள்வது கடினம். 2024இல் டர்போ 1.5 லிட்டராக வளர்ந்தும் 1,482 சி.சி.யோடு நின்றுகொண்டது.

முடிவு

2025 செப்டம்பர் 22இல் அந்தக் கோடு அழிந்தது. நான்கு மீட்டரைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கெல்லாம், எஞ்சின் எதுவானாலும், 40 விழுக்காடு என்றாயிற்று. அவ்வாண்டு ஜனவரியில் வந்த மின்சாரக் கிரெட்டாவுக்கு வரி 5 விழுக்காடு, அதற்கு சி.சி.யே கிடையாது. ஆயினும் பெட்ரோல், டீசல் கிரெட்டா இன்னும் 1,500க்குள்தான் ஓடுகிறது. கப்பலேறி அயல்நாடு போகும் வண்டிக்கு இந்திய வரி இல்லை. அதன் எஞ்சினில் மட்டும் அந்த வரியின் அளவு பதிந்திருக்கிறது.