வளைவு யாருடையது?

1932இல் லைப்சிக்கில் இருந்த ஜெர்மன் உச்ச நீதிமன்றம், ஒரு நாற்காலிக்கு ஆசிரியன் யார் என்று தீர்ப்புச் சொன்னது. பின்னங்கால் இல்லாமல், முன்கால்களின் பலத்திலேயே ஆளைத் தாங்குகிற இரும்புக் குழாய் நாற்காலி அது. அதன் கலை உரிமை டச்சுக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாமுக்கு என்று முடிவாயிற்று. ஆசிரியன் செத்துப்போனான் என்று நம் பத்திரிகைகளில் எழுதித் தள்ளிய பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குதான் ஞாபகம் வரும். நீதிமன்றத்தில் அவன் சாகவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஸ்டாம் 1926இல் செய்த முதல் மாதிரியில் வளைத்த குழாயே கிடையாது. நேரான காஸ் குழாய்களை எல்போ போட்டு இணைத்திருந்தார். அடுத்த வருஷம் ஷ்டுட்கார்ட்டில் நடந்த வைசன்ஹோஃப் கண்காட்சிக்கு வந்த நாற்காலியில்தான் குழாய் வளைந்தது. வளைத்தது யார் கை?

கம்பி கெட்டி. முளையடித்த பலகையில் மாட்டி நெம்பினால் மடங்கிவிடும். குழாய் அப்படியல்ல. வெளிச்சுவர் இழுபட்டு மெலியும், உட்சுவர் சுருங்கி மடிப்பு விழும், வட்டம் நசுங்கும். நானே ஒருமுறை முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தேன், சப்பையாப் போச்சு. பழைய தொழிலாளிகள் கண்ட வழி மணல். காய்ந்த மணலைக் குழாய்க்குள் கொட்டி, தட்டித் தட்டி இறுக்கி, இரண்டு முனையையும் அடைத்து, பழுக்கக் காய்ச்சி வளைப்பார்கள். மணலில் ஈரம் இருந்துவிட்டால் ஆவி அடைப்பைத் தெறிக்கவிடும். எதிரில் நிற்கிற ஆளைப் பார்க்காது.

கையால் இயக்கும் வளைப்பு எந்திரத்தில், குழாயின் பருமனுக்கே பள்ளம் வெட்டிய சக்கரம் ஒன்று. குழாயைக் கவ்வும் பிடி. நீண்ட கைப்பிடியோடு அந்தச் சக்கரத்தைச் சுற்றிவரும் உருளை. பள்ளம் குழாயை இருபுறமும் அணைத்துக்கொள்வதால் அது சப்பையாக இடமில்லை. மெல்லிய குழாய்க்கு நெருப்பும் வேண்டாம். ஆனால் ஒரு சங்கதி சக்கரத்தில் வெட்டப்படவில்லை. கைப்பிடியை விட்டதும் எஃகு கொஞ்சம் நிமிரும். 90 பாகை வேணும்னா 90ஐத் தாண்டி இழுக்கணும். எவ்வளவு? குழாய்க்குக் குழாய் மாறும். கையில பழகினவனுக்குத்தான் தெரியும்.

மார்செல் ப்ராயர் கதையில் இந்தக் கை சற்றே தலைகாட்டுகிறது. 1925இல், டெஸ்ஸாவ் பௌஹௌஸில் இருந்தபோது, தன் அட்லர் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பார்த்துக் குழாய் நாற்காலியை யோசித்தவர் அவர். வடிவமைப்பு வரலாறுகள் இந்த ஞானதரிசனத்தை அலுக்காமல் சொல்கின்றன. முதல் நாற்காலியைச் செய்ய உதவிய குழாய்த் தொழிலாளி அரை வாக்கியத்தில் கடந்துபோகிறார். ஹேண்டில்பாரை ஏற்கெனவே வளைத்து வைத்திருந்தவர்கள் அந்த அரை வாக்கியத்திலும் இல்லை.

நவீனத்துவத்தின் கோடு என்று கொண்டாடப்படும் அந்த மூலை வளைவை நான் வேறுவிதமாக வாசிக்கிறேன். அதன் ஆரம் சக்கரம் தந்த ஆரம். ரொம்பக் கூர்மையாக மடக்கினால் குழாய் நசுங்கும். அழகியல் என்று நாம் படிப்பதில் பாதி, உலோகத்தோடு தொழிலாளி நடத்திய பேரம்.

வழக்கில் மோதியவர் ஸ்டாம்கூட அல்ல. அவரிடம் உரிமையை வாங்கி வைத்திருந்த அன்டன் லோரென்ஸ் ஒரு பக்கம், தோனெட் நிறுவனம் மறுபக்கம். 1927இன் அந்த நாற்காலியிலோ, குழாய்க்குப் பலம் போதாமல் உள்ளே இரும்புக் கம்பி செருகியிருந்தார்கள். வெளியே பார்த்தால் தெரியாது.