வியட்நாம் உணவுகள்: புதிய பெயர்கள், பழகிய பொருட்கள்

வியட்நாம் உணவுகளின் பெயர்கள் நமக்குப் புதியவை. ஆனால், அவற்றில் சேரும் பொருட்களில் பல கோலா கங்சார் வட்டாரச் சமையலறைகளுக்கு நன்கு பழகியவை. செராய், தேங்காய்ப்பால், தவ்கே, மீகூன், புதினா ஆகியவை அங்கும் அன்றாடப் பொருட்கள். லக்சாவுக்கு மணம் தரும் கெசும் இலையை வியட்நாமியர் 'ராவ் ராம்' என்று அழைக்கின்றனர்.

எனினும், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி ஆகியவற்றைத் தவிர்ப்போரும் சைவ உணவு உண்போரும் எந்த உணவில் என்ன சேர்கிறது என்பதை அறிந்திருப்பது அவசியம். முக்கிய உணவுகளின் விவரம் வருமாறு:

ஃபோ: அரிசியால் ஆன தட்டையான மீ, சூப்பில் பரிமாறப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட வியட்நாமில் பரவியது. மாட்டெலும்பை அன்னாசிப்பூ, பட்டை, சுட்ட இஞ்சி, வெங்காயத்துடன் பல மணி நேரம் வேகவைத்து சூப் தயாரிக்கின்றனர். 'ஃபோ கா' என்றால் கோழி சேர்த்தது. மேலே வைக்கும் இறைச்சியைக் காட்டிலும் சூப் எதில் கொதித்தது என்று கேட்பதே முக்கியம்.

கொய் குவான்: மெல்லிய அரிசித் தாளில் இறால், பன்றி இறைச்சி, மீகூன், கீரை வகைகளை வைத்துச் சுருட்டுவது. இது எண்ணெயில் பொரிக்கப்படுவதில்லை.

சா யோ: இதுவும் அரிசித் தாள் சுருள்தான். அரைத்த இறைச்சி, கறுப்புக் காளான், கண்ணாடி மீ ஆகியவற்றை உள்ளே வைத்துப் பொரிக்கின்றனர். வழக்கமாகச் சேர்வது பன்றி இறைச்சி.

பான் செயோ: அரிசி மாவு, மஞ்சள், தேங்காய்ப்பால் கலந்து சுடுவது. பார்வைக்கு முறுகல் தோசை போலிருக்கும். உள்ளே இறால், பன்றி இறைச்சி, தவ்கே இருக்கும். துண்டாக்கி, கீரை இலையில் மடித்துச் சாப்பிடுகின்றனர்.

கா ரி கா: கோழிக்கறி. மசாலைத் தூள், செராய், தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்கின்றன. நம் கறியைவிடக் காரம் குறைவு, குழம்பும் நீர்த்திருக்கும். பிரெஞ்சு ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவது வழக்கம்.

இந்தக் கடைசி உணவின் பெயரிலேயே 'கறி' இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தென் வியட்நாம் பிரெஞ்சு ஆட்சிக்குள் வந்ததும், புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அரசு ஊழியர்களாகவும் காவலர்களாகவும் சைகோன் சென்றனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டித்தொழில் நடத்தினர். தமிழ் முஸ்லிம்கள் வணிகம் செய்தனர். இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் சைகோனில், அக்காலத்தில் எழுந்த மாரியம்மன் கோயிலில் இப்போது வழிபடுவோரில் பெரும்பாலோர் வியட்நாமியரே.

1954இல் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. 1975இல் சைகோன் வீழ்ந்தது. இக்காலகட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல வெளியேறின. வியட்நாமிய மனைவியருடன் புதுச்சேரி திரும்பியோரும் உண்டு. அவர்களின் வீடுகள் வழியே பொரித்த சுருள் புதுச்சேரிக்கு வந்து நிலைத்தது. கறி அங்கே போனது, சுருள் இங்கே வந்தது. இரண்டையும் சுமந்தவை சமையற்கூடங்களே.

சைவர்கள் கவனிக்க வேண்டிய பொருள் 'நுவாக் மாம்' எனும் மீன் சாறு. நெத்திலியையும் உப்பையும் ஏறக்குறைய 3க்கு 1 என்ற அளவில் கலந்து, ஓராண்டு வரை ஊறவைத்து வடிக்கின்றனர். இறைச்சி இல்லாத காய்கறிப் பிரட்டலிலும் இது இருக்கக்கூடும். 'சாய்' என்று கேட்டால் சைவ உணவு கிடைக்கும். சந்திர மாதத்தின் 1ஆம், 15ஆம் நாட்களில் வியட்நாமிய பௌத்தர்கள் பலர் இதையே உண்கின்றனர்.

வீட்டில் சமைத்தால் இந்தக் கவலை இல்லை. மீன் சாறுக்குப் பதில் சோயா கிச்சாப் ஊற்றலாம். சுருளில் கோழி அல்லது தவ்கே, கேரட், காளான் வைக்கலாம். பான் செயோவுக்குத் தோசைக்கல்லே போதும்.